பக்கத்து நிரைக்காரி

நாடு சுதந்திரம் பெற்ற புதிது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கையில் முதல் பிள்ளை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பால் கொடுக்கும் தாய், காலையில் வேலைக்கு நடுவே பிள்ளைக்காம்பராவுக்குப் போய் வரலாம். கைக்குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் இடம் அது. அவள் திரும்பும்வரை அவளுடைய நிரையையும், அதாவது அவளுக்கு ஒதுக்கிய செடி வரிசையையும், பக்கத்து நிரைக்காரி சேர்த்துப் பறிப்பாள். யாரும் கேட்கவே வேண்டாம், அது தானாக நடக்கும்.

ஒரு மழைநாளில் நான் அப்படிப் போயிருந்தபோது, மேலேயிருந்து மண் சரிந்து என் நிரையை மூடிவிட்டது. அதில் நின்று எனக்காகப் பறித்துக்கொண்டிருந்த என் தோழி போய்விட்டாள். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை, என் மகனைவிடச் சின்னவள்.

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் எல்லோரும் ஒரே பல்லவி பாடினார்கள். "ஒன்னய சாமி சும்மா விட்டு வைக்கல புள்ள. பெருசா ஏதோ செய்யத்தான் வச்சிருக்கு." ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எனக்கோ தலையில் பாறாங்கல்லை ஏற்றியது மாதிரி இருந்தது. கொழுந்து பறிக்கிறவள் பெரிதாக என்னத்தைச் செய்வது? எனக்குப் பதில் அவள் போய்விட்டாள், இனி ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்று பேயாய் உழைத்தேன். சிரிப்பதை விட்டேன். என் நிரையில் இன்னொருத்தி நிற்கக் கூடாது என்று, காலையில் பால் கொடுக்கப் போவதையும் நிறுத்தினேன். மகன் இளைத்துப்போனான். ஆயா திட்டித் தீர்த்தாள். நான் அசையவில்லை, அவ்வளவு பிடிவாதம் எனக்கு.

அக்காவின் குழந்தையை வளர்க்கவென்று தோழியின் தங்கை வந்து, எங்கள் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். கங்காணி அவளுக்குக் கொடுத்தது என் பக்கத்து நிரை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் இல்லை. முதல் நாளே, பால் கொடுக்கும் நேரம் வந்ததும் அவள் என் நிரைக்குள் வந்து நின்றாள்.

"போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

"வேணாம் தாயி, என் நெரயில நீ நிக்காத" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அக்கா நின்னப்ப ஏத்துக்கிட்டீங்க, நான் நின்னா ஆகாதா? நீங்க அவ கூட்டாளின்னுதான் செஞ்சா. அவ செஞ்ச நல்லத நீங்க பாவமாக்கிடாதீங்க" என்றாள். பிறகு குரல் தணிந்து, "அவ மகளும் அங்கதான் அழுவுறா. டின் பால் சேரல. அவளுக்கும் சேத்துக் குடுங்கக்கா" என்றாள்.

நான் மலையிறங்கி ஓடினேன். இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். அழுதேன்தான். ஆனால் பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்கியபோது, என்னாலும் ஒன்று முடிந்தது என்று மனம் நிமிர்ந்தது.

அந்தத் துக்கம் முழுதாகப் போனது என்று சொன்னால் பொய். ஊரார் சொன்ன பெரிய காரியம் எதையும் நான் செய்யவும் இல்லை. ஆனால் அதற்குப் பின் எத்தனையோ இளம் தாய்மாருக்காக, கொட்டும் மழையிலும் அவர்கள் நிரையில் இறங்கி நின்றிருக்கிறேன். எங்களைப் பெரிய மனுஷிகள் என்று யாரும் சொன்னதில்லை; நான் சொல்வேன், என் தோழி செய்ததை நானும் செய்தேன் என்று இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன்.