லிங்வேர் ஓடுபாதையின் விக்கல்

ஹால்வருக்குப் பேச வராது என்று லிங்வேர் தீவில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். படகுத்துறையில் கார்களை வரிசைகட்டி ஏற்றும்போது அவன் போடும் கூச்சலுக்குக் கடற்பறவைகள்கூட இடம் மாறி உட்காரும். வீட்டுக்குள் நுழைந்தால்தான் வாய் பூட்டிக்கொள்ளும். மகள் வில்டே போன நாளிலிருந்து அப்படித்தான்.

அவளுக்கு வந்தது மூளைக்காய்ச்சல். ஆம்புலன்ஸ் விமானம் வந்தது. பனிக்காற்றில் எங்கள் குட்டி ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்க வழியில்லாமல் திரும்பிப் போனது. விமானியை யாரும் குறை சொல்லவில்லை. ஹால்வர் அப்போது எண்ணெய்க் கப்பலில் வேலையாக நடுக்கடலில் இருந்தான். அவன் வந்து சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. கப்பல் வேலையை உதறிவிட்டுப் படகுத்துறையில் சேர்ந்தான். ஒரு கணினியும், அதில் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரும் வாங்கினான். இறங்காமல் போன அந்த விமானத்தைத் தினமும் சாப்பாடு முடிந்ததும் இறக்கத் தொடங்கினான்.

சிமுலேட்டர் செய்தவர்களுக்கு லிங்வேர் என்று ஓர் இடம் இருப்பதே தெரியாது. கடலில் ஒரு பச்சைத் திட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஹால்வர் விடவில்லை. ஓடுபாதை, மீன் கிடங்கு, தேவாலயம், யார் வீட்டுக் கொட்டகைக் கதவு தொங்குகிறது என்பது வரைக்கும் அவனே வரைந்து சேர்த்தான். சுற்றுத் தீவுகளில் சிமுலேட்டர் பைத்தியங்கள் சிலர் உண்டு. புதன்கிழமை தோறும் எங்கள் இளைஞர் மன்றத்தில் கூடி வாஃபிள் தின்றுகொண்டே பறப்பார்கள். அவர்களுக்கும் அந்தத் தீவைக் கொடுத்தான்.

அதில் ஒரே ஒரு கோளாறு. இறங்கப் போகும் நேரம், ஓடுபாதை வேலிக்கு மேலே வரும்போது, படம் சட்டென்று நிற்கும். பிறகு உலுக்கிக்கொண்டு ஓடும். ‘லிங்வேர் விக்கல்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அலைகளை அதிகமாக வரைந்துவிட்டான் என்றான் ஒருவன். மீன் கிடங்கின் கூரைதான் காரணம் என்றான் இன்னொருவன். “அலையாத்தான் இருக்கும்” என்று ஹால்வரும் தலையாட்டி வைப்பான்.

அலையும் இல்லை, கூரையும் இல்லை. ஓடுபாதையையே பார்த்து இறங்குகிறவர்கள் கவனிக்காத வேலியோரத்தில் வில்டே நின்றாள். சிவப்பு மழைக்கோட்டு, பக்கத்தில் சாய்த்து வைத்த சைக்கிள், தூக்கிய ஒரு கை. மாலை விமானத்துக்கு அவள் அப்படித்தான் நின்று கையசைப்பாள். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவளைச் செய்தான். முழுத் தீவுக்கும் போட்ட கோடுகளைவிட அவள் தலைமுடிக்குப் போட்டவை அதிகம். அவ்வளவையும் ஒரே நேரத்தில் வரைய முடியாமல் இயந்திரம் மூச்சுத் திணறும். அந்தத் திணறலில் விமானம் வானத்தில் அப்படியே நிற்க, அவள் அவன் கண்ணெதிரே ஒரு மூச்சு நேரம் கூடுதலாக இருப்பாள். ஊரே திட்டிய அந்த விக்கலுக்காகத்தான் அவன் தினமும் பறந்தான்.

மனைவி குன்வோரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உடைந்து போவாள் என்று முதலில் பயந்தான். நாள் கடத்திய பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பாளே என்று பயந்தான். பயத்துக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்!

அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் குழுவினர் சேர்ந்து, படத்தை வேகமாக வரையும் புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தார்கள். அக்கரைத் தீவின் எலக்ட்ரீஷியன் எஸ்பன், குழுவில் புதிதாகச் சேர்ந்தவன், அதைக் கணினியில் பொருத்தினான்.

“இது முழுப் படத்தையும் வரையாதுடா. பாதிய வரைஞ்சிட்டு மிச்சத்த ஊகிச்சு நிரப்பிக்கும். ரெண்டு படத்துக்கு நடுவுல ஒண்ண அதுவே கற்பனை பண்ணிச் சொருகிடும். உன் விக்கல் இன்னியோட ஒழிஞ்சுது!”

ஒழிந்துதான் போனது. அன்று விமானம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வேலியைத் தாண்டும்போது சிவப்பாக ஒரு கறை ஓடியது. முகம் இல்லை, தூக்கிய கை வேலிக் கம்பியோடு கரைந்து போயிருந்தது. அங்கே ஒரு பிள்ளை நிற்பாள் என்று இயந்திரத்தால் ஊகிக்க முடியவில்லை. ஹால்வர் கார்டின் அமைப்புகளைத் துழாவி அந்த ஊகிப்பை அணைத்தான். விக்கல் திரும்பியது, வில்டேயும் திரும்பினாள்.

பிறகு எஸ்பன் போனில் கேட்டபோது, பொய் சொல்லத் தோன்றாமல், “விக்கல் இன்னும் இருக்கு” என்று சொல்லித் தொலைத்தான். எஸ்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோரும் காசு போட்டு வாங்கிய கார்டாயிற்றே! தீவின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தான்.

அடுத்த புதன்கிழமை வாஃபிள் சுடும் முறை குன்வோருடையது. எஸ்பன் கதவைத் திறக்கும்போதே கத்தினான்.

“கண்டுபிடிச்சிட்டேன்! வேலியோரத்துல எவனோ ஒரு பொம்பளப்புள்ளய நிறுத்தி வச்சிருக்கான். ஒவ்வொரு முடியா வரைஞ்சிருக்கு. முன்பல்லு ஒண்ணு விழுந்திருக்கு, அது வரைக்கும்! வானத்துல வர்றவனுக்குப் பல்லா தெரியப்போகுது? நெட்டுல எங்கிருந்தோ எடுத்த பொம்மைய அப்படியே விட்டுட்டயாடா, ஹால்வர்? அதத் தூக்கிப் போட்டுட்டு எல்லாருக்கும் புதுசா அனுப்பிட்டேன். இனி ராஜா மாதிரி இறங்கலாம்.”

அவனுக்கு வில்டேயைத் தெரியாது. தெரிந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாஃபிள் கருகும் வாசனை வந்தது.

“கோட்டு என்ன நிறம்?” என்று கேட்டாள் குன்வோர்.

“சிவப்பு. ஏன்?”

அவள் வாஃபிள் அடுப்பை அணைத்துவிட்டுத் தன் கோட்டை எடுத்தாள். ஹால்வர் பின்னாலேயே போனான்.

வீட்டுக்கு வந்ததும், “காட்டு” என்றாள்.

தன்னிடம் இருந்த பழைய பிரதியை ஹால்வர் ஏற்றினான். விமானம் குடிகாரனைப் போல ஆடிக்கொண்டு வந்தது. வேலிக்கு மேலே படம் திணறிய நொடியில் குன்வோர், “நிறுத்து” என்றாள். நிறுத்தினான். அவள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

“இது ஏழு வயசு வில்டே.”

“ஆமா.”

“போறப்ப அவளுக்குப் பதினொண்ணு, ஹால்வர். பல்லெல்லாம் மொளச்சிடுச்சு. என் தோளுக்கு வந்துட்டா. இந்தக் கோட்டு பத்தாம பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். முடியக் கூட வெட்டிக்கிட்டா.”

“நான் கரைக்கு வந்தப்பல்லாம் பாத்தேனே...” என்று தொடங்கியவன் மேலே போகவில்லை. அந்த வருடங்களில் கரைக்கு வந்தால் பாதி நாள் தூங்கியே கழித்தவன் அவன். “எனக்கு இவளத்தான் நல்லாத் தெரியும்” என்றான்.

“தினமும் செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து, எஞ்சின் சத்தம் கேட்டுட்டு இருந்தேன். புள்ளய மறக்கத்தான் வெளையாடுறான்னு நெனச்சு உம்மேல எரிஞ்சேன். இவ இங்க இருந்திருக்கா. ஒரு நாளாவது என்னக் கூப்பிட்டியா?”

ஹால்வர் அழுதான். நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான்.

“இப்பச் சொல்லு. மாத்திடறேன். பதினொரு வயசுல எப்படிக் கையத் தூக்குவா? எப்படி நிப்பா? நீ சொல்லச் சொல்லச் செய்யறேன்.”

குன்வோர் தன் கையை மெல்லத் தூக்கினாள். பாதியில் நிறுத்தி, இறக்கி, மறுபடி வேறு மாதிரி தூக்கிப் பார்த்தாள்.

“போட்டோ இருக்கு. ஆனா அதுல அவ அசையமாட்டாளே” என்றாள். “அப்பக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்ப எனக்கும் ஞாபகம் வரல, ஹால்வர்.”