பெயரைச் சொல்லாமல் தேடவிட்ட சாந்தினி

சாந்தினி போய்விட்டாள் என்று களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது, எனக்கு அழுகைக்கு முன் ஆத்திரம்தான் வந்தது. ஆறு வருடமாகக் கணவனைத் தேடியவளின் நெஞ்சு எவ்வளவுக்குத்தான் தாங்கும்?

ராணுவத்திடமும் பொலிசிடமும் பிடிபட்டவர்களின் விபரங்களைக் கம்பியூட்டரில் சேர்த்து, தேடி வருகிறவர்களுக்குச் சொல்லும் எங்கள் கொழும்பு புதுக்கடை அலுவலகம் உங்களில் பலருக்குத் தெரியும். கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்பட்ட கணவர் வீடு திரும்பாத பிறகே அவள் அங்கே சேர்ந்தாள். புரோகிராம் எழுதியது அவள், தட்டச்சு செய்தது நான்.

முதல் மாதமே நான் ஒரு பிழை விட்டேன். தேடுகிற ஆளின் பெயரைக் கேட்டதற்கு ஒரு பெண் தலையைக் குனிந்து, "சுதன்ர அப்பா" என்றாள். புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள் என்று யோசிக்காமல் அதையே தட்டினேன். இல்லை என்று வந்தது. அப்படியே சொல்லி அனுப்பிவிட்டேன். மனுஷன் பட்டியலில் இருந்திருக்கிறார். நாங்கள் அவளைத் தேடிப்பிடிப்பதற்குள் அவரை வேறு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு தகவலே இல்லை.

சாந்தினி என்னை ஏசவில்லை. "பெயர் சொல்லாத சனத்திட்டப் பெயரைக் கேட்டது நான் எழுதின புரோகிராம். உம்மில பிழை இல்லை," என்றாள். பிள்ளையின் பெயர், தெரு, உடுத்திருந்த உடுப்பு எல்லாவற்றையும் சேர்த்தாள். "சுதன்ர அப்பா எங்க? பாமன்கடையில சாரத்தோட பிடிச்சது" என்று வாயில் வந்தபடி தட்டினாலும் ஆளைத் தேடும்படி மாற்றினாள்.

அதனால் என்ன? பட்டியல் தரவேண்டியவர்கள் அதை முழுதாகத் தரவில்லை. "கேள்வியெல்லாம் அதுக்கு விளங்குது. பதிலைத்தான் ஒருத்தரும் தாறேல்ல," என்பாள். ஒருநாள் ஒரு அம்மா, "பிள்ளை சாப்பிட்டவனோ எண்டும் கேளும்," என்றார். தட்டினேன். விளங்கவில்லை என்று வந்தது. சாந்தினி எழுந்து வெளியே போய்விட்டாள்.

புதுப் பட்டியல் வரும் நாளில், எல்லோரும் போனபின் தன் கேள்வியைத் தட்டுவாள்: "எங்கட வீட்டுக்காரர் வந்திட்டாரோ?" அவளும் பெயரைப் போடுவதில்லை. "படிச்ச நீருமா?" என்று பகிடி பண்ணினேன்.

"பெயரைச் சொன்னா அவையின்ர ஆயுசு குறையுமாம். முந்தி நானும் சிரிச்சனான். இப்ப எனக்குப் பயமா இருக்கு."

அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். இனி அவரைத் தேட வேறு ஆளில்லை. நேற்றுப் பட்டியல் வந்தது. "சாந்தினியின்ர வீட்டுக்காரர் வந்திட்டாரோ?" என்று கேட்டேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். தட்டக் கை வரவில்லை.