நாலு ஸ்டாம்பும் ஒரு கடைசிப் பக்கமும்

யூனிவர்சிட்டி அட்மிஷன் கவுன்டர்ல உக்கார்றவங்களுக்கு ஒரு வேண்டாத வேலை உண்டு: எதிர்ல நிக்கற புள்ளைக்கு என்ன படிக்க ஆசைன்னு கேக்கறதுக்கு முன்னாடி, அது எந்த ஊரு, எந்த நாடு, இதுக்கு முன்ன என்ன படிச்சிச்சுன்னு கேட்டு ஆளைத் தரம் பிரிக்கணும். ரேஷன் கடையில, ஆஸ்பத்திரி சீட்டு எழுதற எடத்துல, பேங்க் கவுன்டர்ல உக்காந்து "இது செல்லாது, அடுத்தவங்க வாங்க"ன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சவங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்களுக்குச் சொன்னா என்னைத்தான் திட்டுவாங்க.

என் பேரு காஞ்சனா. வூடு சித்தூர். வேலை திருப்பதியில ஒரு யூனிவர்சிட்டி, பேரு வேணாம். காலையில பஸ்ஸு புத்தலப்பட்டு தாண்டறதுக்குள்ள டிபன் பாக்ஸைத் தொறந்து ரெண்டு இட்லி துன்னுட்டு, பத்து மணிக்கு சீட்டுல இருப்பேன். எட்டு வருஷமா இதான். எனக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கும்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஜூலை மாசம் அந்தக் கவுன்டர்ல ஒரு நாள் உக்காந்து பாத்தா யாருக்கும் அங்கதான் வரும்.

ஒரே பஸ்ஸு, நாலு டிக்கெட்டு

என் மேஜையில நாலு ரப்பர் ஸ்டாம்பு இருக்குது. லோக்கல், வெளி மாநிலம், வெளிநாடு, ரெண்டாவது மேல்பட்டம். ஃபாரத்துல எதைக் குத்தறேனோ அதுதான் ஃபீஸ். லோக்கலுக்குக் கொறைச்சல். வெளி மாநிலத்துக்கு அதைப் போல மூணு பங்கு. வெளிநாட்டுக்கு டாலர்ல. ஏற்கெனவே ஒரு மேல்பட்டம் வாங்கிட்டு இன்னொண்ணுக்கு வந்தா சலுகை எதுவும் கெடையாது. கிளாஸு ஒண்ணுதான், பெஞ்சு ஒண்ணுதான், கரண்டு போனா வேர்க்கறதும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

கும்மிடிப்பூண்டி பக்கத்துக்காரர் ஒருத்தர், தம்பியைச் சேர்க்க வந்தாரு. ஆந்திரா பக்கம் வரதய்யபாளையத்துல வாடகைக்கு இருந்துகினு ஸ்ரீசிட்டியில கம்பெனி வேலைக்குப் போறவரு. தம்பி இப்பத்தான் ஊர்லேர்ந்து வந்திருக்கான். வெளி மாநிலம்னு குத்தினேன். "ஏம்மா இவ்ளோ ஜாஸ்தி?"ன்னு கேட்டாரு. நானும் நயமாத்தான் சொன்னேன், தூரத்துலேர்ந்து பஸ்ஸு ஏர்றவங்களுக்கு டிக்கெட்டு ஜாஸ்தி இல்லையா, அப்படி நெனச்சுக்குங்கன்னு. அவரு திருப்பிக் கேட்டாரு:

"தூரத்துலேர்ந்து ஏர்றவன் பஸ்ஸுல ரொம்ப நேரம் உக்காந்துகினு வருவான் மேடம். எங்க தம்பிக்கு எத்தினி வருஷம் ஜாஸ்தியா சொல்லிக் குடுப்பீங்க?"

கரண்டு பில்லு ஆந்திரா

அந்த வாரம் திங்கக்கெழமை நகரியிலேர்ந்து ஒரு அப்பாவும் பொண்ணும் வந்தாங்க. அப்பா முனிரத்தினம், வூட்டுலயே ரெண்டு பவர்லூம் ஓட்டறவரு. சட்டையில அங்கங்க பஞ்சு ஒட்டிக்கினு இருந்திச்சு. பொண்ணு நந்தினி, எம்.சி.ஏ.வுக்கு நல்ல ரேங்க்ல சீட்டு வாங்கியிருக்குது. சர்டிபிகேட்டைப் பொரட்டினேன். ஆறாவதுலேர்ந்து டிகிரி வரைக்கும் எல்லாம் தமிழ்நாட்டுத் திருத்தணி.

விசாரிச்சா, பொண்ணு தமிழ்ல படிக்கணும்னு அவருக்கு ஆசை. அந்த நேரத்துல பக்கத்துல தமிழ் மீடியம் ஸ்கூல் இல்லைன்னு, திருத்தணியில இருக்கற அவரு அக்கா வூட்டுல கொண்டுபோய் வுட்டுட்டாரு. அங்க கவர்மெண்டு குடுக்கற சைக்கிள், லேப்டாப் எல்லாம் தவறக்கூடாதேன்னு பொண்ணோட ஆதாரையும் அக்கா வூட்டு அட்ரஸுக்கே மாத்திட்டாரு. வெவரமா செஞ்சிட்டோம்னு அவருக்குப் பெருமை வேற. எங்க எல்லைக்காரங்க நெறைய பேரு இதைச் செய்வாங்க. ஞாயித்துக்கெழமை சாயந்திரம் பொண்ணை பஸ்ஸு ஏத்தி வுடறது, வெள்ளிக்கெழமை கூட்டிக்கினு வர்றது, இப்படியே பத்து வருஷம். இதெல்லாம் சேந்து கடைசியில இப்படி வந்து நிக்கும்னு யாருக்குத் தெரியும்?

எனக்கு மனசு கேக்கலைதான். ஆனா பின்னாடி நாப்பது பேரு க்யூ. "வெளி மாநிலம்"னு குத்தினேன். "சனிக்கெழமை நாலு மணிக்குள்ள இந்த ஃபீஸைக் கட்டுங்க, இல்லைன்னா சீட்டு அடுத்த ரேங்குக்குப் போயிடும்"னு சொன்னேன். கொஞ்சம் கடுப்பாவே சொன்னேன், இப்ப நெனச்சா சங்கடமா இருக்குது. அந்தப் பொண்ணு ஸ்டாம்பு இங்க் காயறதையே பாத்துக்கினு நின்னிச்சு. லோக்கல் ஃபீஸுன்னா ரெண்டு தறியை வெச்சு எப்படியாவது சமாளிச்சிடலாம். மூணு பங்குன்னா ஒரு தறியை வித்தாலும் ஆகாதுன்னு அவரு மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. சண்டை போடுவாருன்னு பாத்தேன். போடலை. ஃபாரத்தை மடிச்சிக்கினே கேட்டாரு:

"எங்க வூட்டுக் கரண்டு பில்லு ஆந்திரா, குடிக்கற தண்ணி ஆந்திரா, போடற ஓட்டு ஆந்திரா. என் பொண்ணு மட்டும் எப்படிம்மா வெளி மாநிலம்?"

பாஸானதுதான் தப்பு

மறுநாள் வெதுருகுப்பத்துலேர்ந்து ஒரு ஸ்கூல் வாத்தியார். அம்பது வயசு இருக்கும். எம்.ஏ. வரலாறு சேர வந்திருந்தாரு. தேவையான டிகிரி சர்டிபிகேட் ஒண்ணைக் குடுத்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும். மனுஷன் மொத்தத்தையும் லேமினேஷன் பண்ணி ஆல்பம் மாதிரி கொண்டாந்திருந்தாரு. எம்.எஸ்சி., எம்.எட்., தபால்ல படிச்ச இன்னொரு எம்.ஏ. ஒவ்வொண்ணா எடுத்து, இது எந்த வருஷம், எத்தினி மார்க்குன்னு வெளக்கிக்கினு இருந்தாரு. நான் நாலாவது ஸ்டாம்பைக் கையில எடுத்துட்டேன், அவரு இன்னும் முடிக்கலை.

சலுகை கெடையாது சார்னு சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்திடுச்சு. கோவப்பட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சிரிச்சவரை என்ன சொல்றது? ஆல்பத்தை மூடினாரு.

"அப்போ இது எல்லாத்துலயும் நான் ஃபெயிலாயிருந்தா இன்னிக்கு லாபமாயிருக்கும், இல்லீங்களா மேடம்?"

டாலர் கட்டற சித்தூர்க்காரன்

ஃபாரத்துல "நேஷனாலிட்டி"ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல ஜாதி எழுதினவங்க உண்டு, "ஹிந்து"ன்னு எழுதினவங்க உண்டு. எங்க தெருவுக்குப் பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன், புதன்கெழமை வந்தான், அதுல "அமெரிக்கா"ன்னு எழுதியிருந்தான். நான் கிண்டல்னு நெனச்சு, "யோவ், வெளையாடறியா?"ன்னு ஒரு அதட்டு அதட்டிட்டேன். அவன் பாவம், பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சான். நெசமாவே அமெரிக்கா. அப்பா அங்க வேலையில இருந்தப்பப் பொறந்தவனாம். ஒரு வயசுல சித்தூரு வந்தவன், அப்புறம் எங்கயும் போவலை. படிச்சது சித்தூரு, கிரிக்கெட் ஆடறது சித்தூரு, பேசறது என்னை வுடக் கொச்சையா.

படிச்சதெல்லாம் இங்கதானே, லோக்கல் போட்டா என்னன்னு உள்ள போய்க் கேட்டேன். பாஸ்போர்ட்டுதான் கணக்கு, டாலர்தான்னு சொல்லிட்டாங்க. நகரிப் பொண்ணு இங்கயே பொறந்தவ, படிச்சது வெளியில, அதனால வெளி ஆளு. இவன் இங்கயே படிச்சவன், பொறந்தது வெளியில, அதனால இவனும் வெளி ஆளு. என்னாய்யா இது அநியாயம்னு எனக்கே தலை சுத்திச்சு. மூணாவது ஸ்டாம்பைக் குத்தி அவன் கையில குடுத்தேன்.

"எனக்கு அமெரிக்கா ஞாபகமே இல்ல மேடம். அதுக்குத்தான் என்னை நல்லா ஞாபகம் இருக்குது."

யாரும் படிக்காத பக்கம்

நகரிப் பொண்ணு ஃபாரமும் அந்த அமெரிக்காப் பையன் ஃபாரமும் மண்டைக்குள்ள கொடஞ்சிக்கினே இருந்திச்சு. வியாழக்கெழமை ரூல்ஸ் புத்தகத்தைப் பையில போட்டுக்கினு வூட்டுக்குக் கெளம்பினேன். படிக்கணும்னு ஒண்ணும் இல்ல, இதை எழுதின ஆளைத் திட்டணும்னா எதை எழுதியிருக்கான்னு தெரியணுமே. பஸ்ஸுல ஜன்னல் சீட்டு. பாஸ்போர்ட்டுக்காரனுக்கு ஒரு வழியும் இல்ல. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். பொடி எழுத்துல ஒரு பாரா. புள்ளை வேற மாநிலத்துல படிச்சிருந்தாலும் பரவாயில்ல, அப்பாவோ அம்மாவோ இந்த மாநிலத்துல பத்து வருஷம் குடியிருந்ததா எம்.ஆர்.ஓ. ஆபீஸ்ல, அதான் தாசில்தார் ஆபீஸ்ல, சர்டிபிகேட் வாங்கினா, லோக்கல் ஃபீஸ்தான்!

எட்டு வருஷமா நான் முதல் பக்கத்தைப் பாத்தே குத்திக்கினு இருந்திருக்கேன். அங்கயே பஸ்ஸுல, பக்கத்துல இருந்தவங்க திரும்பிப் பாக்கற அளவுக்குக் கத்தி முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். தறிச் சத்தத்துல அவருக்குக் காது கேக்கலை. "ஃபீஸை இன்னும் ஏத்திட்டாங்களாம்மா?"ன்னுதான் முதல்ல கேட்டாரு. மூணு தடவை சொன்னப்புறம் தறியை நிறுத்திட்டுக் கேட்டுக்கினாரு.

வெள்ளிக்கெழமை காலையில எங்க சூப்பரின்டெண்ட் சார் முன்னாடி புத்தகத்தை விரிச்சு வெச்சேன். தெலுங்குக்காரரு, நல்ல மனுஷன், ரிடையர் ஆக ஆறு மாசம் இருக்குது. "சார், இது இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?" கண்ணாடியை எறக்கி வெச்சுக்கினு நெதானமா படிச்சாரு. படிச்சிட்டு என் மூஞ்சியைப் பாக்காம சொன்னாரு:

"காஞ்சனம்மா, இந்தப் புஸ்தகத்தை யாரும் கடைசி வரைக்கும் படிக்கறதில்ல. படிச்சா வேலை ஜாஸ்தியாயிடும்."

கம்பியோட வந்த பில்லு

சனிக்கெழமை மூணு மணி வரைக்கும் ஆளைக் காணோம். போன் அடிச்சா எடுக்கலை. அடுத்த ரேங்க் புள்ளை வேற அப்பாவோட வந்து எதிர் பெஞ்சுல உக்காந்துகினு, நாலு மணி ஆவட்டும்னு கடிகாரத்தைப் பாத்துக்கினு இருந்திச்சு. அந்தப் புள்ளை மேல என்ன தப்பு? ஆனாலும் எனக்கு அதைப் பாத்தாலே எரிச்சலா வந்திச்சு.

மூணு நாப்பதுக்கு ரெண்டு பேரும் ஓடியாந்தாங்க. முனிரத்தினம் ஒரு கையில சர்டிபிகேட், இன்னொரு கையில கம்பி. கரண்டு பில்லைக் குத்தி வெப்போமே, அந்தக் கம்பிதான், மொழம் நீளத்துக்குப் பில்லு. எம்.ஆர்.ஓ. ஆபீஸ்ல பத்து வருஷம் இருந்ததுக்கு ஆதாரம் கேட்டிருக்காங்க. ரேஷன் கார்டு நடுவுல புதுசு பண்ணது, போதாதுன்னுட்டாங்க. வூட்டுக்கு ஓடிப்போய்த் தறிக்குப் பக்கத்துல தொங்கிக்கினு இருந்த கம்பியைக் கழட்டிக்கினு வந்து மேஜையில வெச்சாராம். நந்தினி பொறந்த வருஷத்துலேர்ந்து ஒரு மாசம் தவறாம அவரு பேருல பில்லு. அவங்க சிரிச்சிக்கினே எழுதிக் குடுத்துட்டாங்க. "இங்கயும் கேட்டா காட்டணுமே"ன்னு கம்பியையும் பஸ்ஸுல தூக்கிக்கினு வந்துட்டாரு.

குத்தின ஸ்டாம்பை அழிக்க முடியாது. சூப்பரின்டெண்ட் சார் அதுமேல ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டு, "பர்வாலேது, பரவாயில்ல"ன்னு என்கிட்ட தள்ளினாரு. பக்கத்துல நான் லோக்கல்னு அழுத்திக் குத்தினேன், மேஜையே ஆடிச்சு. முனிரத்தினம் கம்பியை நெஞ்சோட புடிச்சுக்கினு அழுதுட்டாரு. எதிர் பெஞ்சுல இருந்த புள்ளை எழுந்து அப்பாவோட வெளிய போச்சு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, ஆனா பெருமையாவும் இருந்திச்சு, பொய் சொல்லக்கூடாது. ஒரு நல்ல காரியம் பண்ணிட்டேன், நன்றி சொல்லப் போறாங்கன்னு நிமிந்து உக்காந்தேன். திங்கக்கெழமை வாயே தொறக்காத நந்தினி, அந்த ரெண்டு ஸ்டாம்பையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு என்னைக் கேட்டிச்சு:

"மேடம், எனக்கு முன்னாடி வருஷா வருஷம் எங்க நகரியிலேர்ந்து வந்துட்டு, ஃபீஸ் கட்ட முடியாம திரும்பிப் போனாங்களே, அவங்களுக்கும் புத்தகத்துல இந்தக் கடைசிப் பக்கம் இருந்துச்சா?"

நாலு ஸ்டாம்பும் இன்னும் என் மேஜையிலதான் இருக்குது, ஆனா இப்பெல்லாம் கடைசிப் பக்கத்தைச் சத்தமா படிச்சுக் காட்டாம நான் இங்க் பேடைத் தொறக்கறதில்ல, லேட்டாவுதுன்னு க்யூவுல இருக்கறவங்க என்னைத் திட்டறதும் நின்னபாடில்ல.