ராகிப் பை

அந்த வைகாசியில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. மாமாவின் கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருந்தது. அப்பா ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பத்திரிகை வைக்கக் கிளம்பிவிடுவார். நான் முழுப்பரீட்சை லீவில் கால் தரையில் பாவாமல் திரிந்தேன். அம்மா மட்டும்தான் தையல் மெஷின் முன்னால் இருந்தாள். அவளும் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிடம் மிதிப்பாள். சட்டென்று எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்துவாள். வெளியே வந்து தைத்ததையெல்லாம் பிளேடால் பிரிப்பாள். பிறகு மறுபடியும் மிதிக்கத் தொடங்குவாள்.

அவள் தைத்தது பாடி. எங்கள் பக்கத்தில் பிராவுக்கு அதுதான் பெயர். அதையும் உரக்கச் சொன்னால் தலையில் குட்டு விழும். மற்ற துணிகளெல்லாம் கொடியில் வெயில் காய, பாடி மட்டும் துண்டுக்கு அடியில் ஒளிந்து காயும் ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டில் கூடத்து நடுவே அதை அக்கக்காகப் பிரித்துப்போட்டு, ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டிருந்தாள் அம்மா.

தை மாதம் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டி சிறியது, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம், இனி மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உறவுக்காரர்களிடம் கர்ப்பப்பை ஆப்பரேசன் என்று சொல்லிவைத்திருந்தோம். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு அம்மாவின் உடம்பில் எது இருக்கிறது, எது இல்லை என்பது கூடவா தெரியாது? தெரிந்தது. தெரியாததுபோல் இருந்துகொண்டேன். உலகத்திலேயே அம்மா ஒருத்திக்குத்தான் அப்படி ஆகியிருக்கிறது என்றும், வெளியே தெரிந்தால் போலீஸ் வரும் என்றும் பாதி நம்பிக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வராது, ஆனால் கல்யாணம் நின்றாலும் நிற்கும் என்பதுதான் அம்மாவின் பயம். மாமாவுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்து ஆறு வருடம் கழித்துக் குமாரபாளையத்தில் அமைந்திருந்தது. அக்காவுக்கு இந்த நோய் என்று தெரிந்தால், குடும்பத்தில் ஓடுகிறதோ என்று பெண் வீட்டார் கேட்பார்கள். மறைத்துவிட்டீர்களே என்றும் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இணைச்சீர் இருந்தது. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டுக் கட்டி, பேழைமூடி என்கிற மூங்கில் கூடையைத் தலையில் ஏந்தி, அத்தனை பேருக்கும் முன்னால் தம்பிக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும். மாமாவுக்கு ஒரே அக்கா அம்மாதான். முடியாது என்று சொன்னால் ஏன் என்பார்கள். சரியென்று இரண்டு கையையும் தூக்கினால் ஒரு பக்கம் தட்டையாகத் தெரியும்.

கடையில் வாங்கிய பாடி எதுவும் ஒத்துவரவில்லை. பஞ்சு வைத்தால் அதற்குக் கனம் இல்லை. கையைத் தூக்கினால் கழுத்துக்கு ஏறிவிடும். கனம் இல்லாத பக்கம் தோளும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இதற்கென்றே செய்த மார்பகம் கோயம்புத்தூரில் கிடைக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாளாம். யாரை அனுப்பி வாங்கிவரச் சொல்வது? அதனால்தான் அம்மா, ஊரில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துத் தந்தவள், தனக்கு இதைத் தைக்க உட்கார்ந்தாள்.

முதலாவது, துணியை நேராக வெட்டியதால் முட்டை ஓடு மாதிரி விறைத்து நின்றது. இரண்டாவதுக்குத் துணியைக் கிராஸாகப் போட்டு வெட்டினாள். அது தொளதொளவென்று போனது. மூன்றாவதுக்கு அப்பாவின் புது வேட்டி பலியாயிற்று.

"ஏம்புள்ள, கல்யாணத்துக்குன்னு எடுத்த வேட்டியாச்சே."

"உங்களுக்கு வேற எடுத்துக்கலாமுங்க. இந்தத் துணிதான் பதமா இருக்குது, தழும்புல உறுத்தறதில்ல."

அப்பா வேட்டியை விட்டுக்கொடுத்தார். தன்னுடைய போனையும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் எந்த ஊர்க்காரியோ, எங்களுக்குப் புரியாத ஏதோ ஒரு பாஷையில் பேசிக்கொண்டே பாடி தைத்தாள். அம்மா சத்தத்தை நிறுத்திவிட்டு அவளுடைய கையை மட்டும் பார்த்தாள். நாலாவது தைக்கும்போது, பாரத்தைத் தாங்குவது தோளில் போகும் பட்டி இல்லை, மார்புக்குக் கீழே சுற்றிவரும் அடிப்பட்டிதான் என்று கண்டுபிடித்தாள். ஐந்தாவதில் அடிப்பட்டியை இறுக்கியதில் மூச்சு முட்டியது. ஆறாவது என்ன ஆயிற்று என்று ஞாபகமில்லை. அதையும் நான்தான் பிரித்தேன். ஊசியில் நூல் கோப்பது, டேப்பின் நுனியைப் பிடிப்பது, பிரிப்பது எல்லாம் என் வேலை. பிரிப்பதில் எனக்கு நல்ல கை.

கனத்துக்கு ராகி. கல்லும் உமியும் போகப் புடைத்து, பூச்சி வராதிருக்க லேசாக வறுத்து, ஆறவைத்து, மாங்காய் வடிவத்தில் தைத்த ஒரு பைக்குள் அம்மா போட்டாள். அந்தப் பை பாடியின் இடது பக்கம் உட்புறமாக வைத்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஒரு கரண்டி போடுவாள், அரைக் கரண்டி எடுப்பாள். அந்தச் சலசலப்புச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஏழாவது சரியாக வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த அம்மா, நெல் போட்டுவைக்கிற அலுமினியக் குண்டாவை இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்தாள். ஆப்பரேசன் செய்த பக்கத்துக் கை மேலே போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். கூடத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். எதுவும் ஏறவில்லை, எதுவும் இறங்கவில்லை. நான் கை தட்டினேன். தை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அம்மா நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தேன்.

இத்தோடு விட்டிருந்தால் நான் நல்ல பிள்ளை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா பாடியை அலசிப் போட்டுவிட்டு, ராகிப் பையைத் தனியே எடுத்து வெயில் படும் ஜன்னலில் வைத்திருந்தாள். உள்ளங்கையில் வைத்தால் குளுகுளுவென்று உட்காரும், எறிந்தால் நேராகப் போகும். சித்தப்பா பையனும் நானும் பின்வாசலில் எறிந்து பிடித்து விளையாடினோம். நான் எறிந்த வேகத்தில் அது முருங்கைமரத்துக் கம்பிவேலியில் பட்டுக் கிழிந்தது. நாமக்கல் பக்கத்தில் கோழிக்கா பஞ்சம்? எங்கிருந்துதான் வந்தனவோ, நான் ஓடிப்போய்க் குனிவதற்குள் பதினைந்து கோழிகள் சேர்ந்து அம்மாவின் பதினைந்து நாள் உழைப்பைத் தின்று முடித்துவிட்டன.

சித்தப்பா பையன் "நா ஒண்ணும் பண்ணல" என்று ஓடிவிட்டான். ராகி டப்பா பரண்மேல் இருந்தது. சேகோ ஆலைக்காரர் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருப்பது ஜவ்வரிசி. அதில்கூட வெள்ளையாக, மாவு பூசினதுபோல் இருக்கிற மாவு ஜவ்வரிசிதான் வாய் திறந்த மூட்டையில் இருந்தது. அள்ளிப் போட்டேன். கிழிசலை அம்மா தைப்பதுபோலவே பொடித் தையலாகத் தைத்தேன். கையில் வைத்துக் கனம் பார்த்து, இன்னும் ஒரு பிடி சேர்த்தேன். சுருட்டி ஜன்னலில் பழையபடி வைத்தபோது, எனக்கே என் கைத்திறன் மேல் மரியாதை வந்தது.

கல்யாணத்தன்று விடியற்காலையில் மண்டபத்து அறையில் அம்மா உடுத்தும்போது, "கொஞ்சம் கனமாத் தெரியுதே" என்றாள். அதற்குள் வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். தலைக்குக் குளித்த ஈரக்கூந்தலை முன்பக்கம் விட்டுக்கொண்டு அவசரமாக ஓடினாள். வைகாசிப் புழுக்கம். மணையைச் சுற்றி நூறு பேர். காற்றாடியோ வீடியோக்காரனின் விளக்குப் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சடங்கு செய்விக்கிறவர் ஒவ்வொரு சீரையும் ஆற அமரச் செய்தார். நான் அம்மாவின் இடது பக்கம் தூணை ஒட்டி நின்று அந்த ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேழைமூடியைத் தூக்கச் சொன்னார்கள். அம்மா இரண்டு கையையும் உயர்த்தினாள். சேலைத் தலைப்பு விலகிய இடத்தில், அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட்டின் இடது பக்கம் கஞ்சி வடிந்ததுபோல் வெள்ளையாக ஒரு ஈரம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கோடாக இடுப்பை நோக்கி இறங்கியது. வியர்வையிலும் கூந்தல் தண்ணீரிலும் ஜவ்வரிசி ஊறிக் கரைய ஆரம்பித்திருந்தது. அம்மாவும் உணர்ந்துவிட்டாள். முகம் வெளிறிப்போயிற்று. கையை இறக்கவும் முடியாது, குனிந்து பார்க்கவும் முடியாது. வீடியோக்காரன் வேறு இந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தான். நான் செத்துப்போய்விடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த அத்தை வந்தாள். எனக்கில்லை, பெண்ணுக்கு அத்தை. குமாரபாளையத்தில் பத்துத் தறி போட்டிருப்பவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அகன்றுபோனவள். நிச்சயத்தன்றே அம்மாவை மேலும் கீழும் பார்த்தவள் என்பதால், எங்கள் வீட்டில் அவளைக் கண்டால் எல்லோருக்கும் உதறல். கையில் சந்தனக் கிண்ணத்தோடு அம்மாவின் இடது பக்கம் வந்து நின்றவள், ஒரு கணம் அம்மாவின் விலாவைப் பார்த்தாள். அடுத்த கணம் கிண்ணம் கவிழ்ந்து, கரைத்த சந்தனம் மொத்தமும் அம்மாவின் ஜாக்கெட்டிலும் இடுப்பிலும் சேலையிலும் வழிந்தது.

"அட என்ற கையில கொள்ளி வெக்க! வழுக்கிப்போச்சுங்களே!" என்று மண்டபம் அதிரக் கத்தினாள்.

ஆளாளுக்கு அவளைத் திட்டினார்கள். சீர் நடக்கிற இடத்தில் இவளுக்கு என்ன வேலை என்றார் ஒருவர். எதையும் காதில் வாங்காமல் தன் முந்தானையாலேயே துடைத்துக்கொண்டு, சீர் முடிகிறவரை அம்மாவின் இடது பக்கத்தைவிட்டு அவள் அகலவில்லை. பிறகு, "வா கண்ணு, கழுவி உடறேன்" என்று அம்மாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரைமணி நேரம் ஆயிற்று. நான் கதவுக்கு வெளியே நின்று அந்தப் பொம்பளையை வாயில் வந்ததெல்லாம் சொல்லி மனதுக்குள் திட்டினேன். அம்மாவின் பட்டு ஜாக்கெட்டை நாசமாக்கியவள் அல்லவா? என் குற்றம் சந்தனத்துக்கு அடியில் மறைந்ததில் ஏற்பட்ட நிம்மதியையும் அந்தக் கோபத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டேன்.

மறைந்துவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைப் பிரித்து, ஊறிக் குழைந்த உருண்டையை ஒரு தட்டில் கொட்டி என் முன்னால் வைத்தாள். நான் ஓவென்று அழுது, கோழி வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

"இதுல வடாம் போடுவாங்க சாமி. ஒடம்புலயா போடுவாங்க?"

எனக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. "எல்லாம் அந்தக் கொமாரபாளையத்துக்காரியாலதாம்மா. அவ கைய ஒடைக்கோணும்."

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். "அப்பிடிச் சொல்லாத. அது தவறுன கையில்ல" என்றாள். என்னென்னவோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் மறுபடியும் மெஷின் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அம்மா எழுந்து எழுந்து உள்ளே போகவில்லை. நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதியிருந்த அளவுகளைப் பார்த்து ஒரே மூச்சில் இரண்டு பாடி தைத்தாள். பழைய செய்தித்தாள் வெட்டுகளை எடுக்காமல் புதிதாக, பெரிதாக வரைந்துகொண்டாள். ராகி புடைத்தாள், வறுத்தாள். நான் பரிகாரமாக எல்லா எடுபிடியும் செய்தேன். ஊக்கு தைக்க எடுத்து விரித்தபோதுதான் பார்த்தேன். ராகிப் பை போடுகிற அறை வலது பக்கம் இருந்தது. இரண்டிலுமே.

"அம்மா! பக்கத்த மாத்தித் தெச்சுப்போட்டே. பிரிச்சுரட்டுமா?" என்று பிளேடைத் தூக்கினேன்.

"வேண்டாஞ் சாமி. அது அந்தப் பக்கந்தான்" என்று என் கையிலிருந்து பிளேடை வாங்கி வைத்தாள்.

தவறை ஒப்புக்கொள்ள அம்மாவுக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள், ஆடிப்பெருக்குக்குப் பிறந்த வீடு போகக் கிளம்பிய மாமா பெண்டாட்டியின் பைக்குள், செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை அம்மா வைத்தாள்.

"உங்க அத்தைகிட்டக் குடுத்துரு சாமி. வேற ஆரும் பிரிக்க வேண்டாம்னு சொல்லு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியதுபோல் இருந்தது. பட்டு ஜாக்கெட்டைப் பாழாக்கியவளை அம்மா சும்மா விடவில்லை; பக்கம் மாற்றித் தைத்து வீணாய்ப்போன இரண்டையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டாள். மாமா பெண்டாட்டி ஏறிய பஸ் திருப்பத்தில் மறைகிறவரை அம்மா ரோட்டோரத்திலேயே நின்றாள். எதற்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வீட்டுக்கு வந்தேன். இத்தனை சாமர்த்தியமான அம்மா யாருக்கும் வாய்க்கமாட்டாள் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.