பதினைந்து பின்களும் ஒரு டப்பா கிரீஸும்

“உங்க வயசுல இதெல்லாம் நார்மல்தான் மேடம். கண்ணை ஒரு தடவை காட்டிடுங்க” என்றார் எங்கள் மேலாளர். வீடியோ காலில், பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. எனக்கு நாற்பத்தொன்பது. அவருக்கு முப்பத்திரண்டு இருக்கலாம். கோபத்தில் எனக்குக் காது சுட்டது.

நான் குழாய் வரைபடம் வரைகிறவள். பொறியாளர்கள் கையால் கிறுக்கி ஸ்கேன் செய்து அனுப்பும் தாளைப் பார்த்து, எந்தக் குழாய் எவ்வளவு நீளம், எங்கே வளைகிறது, எங்கே வால்வு என்று கம்ப்யூட்டரில் சுத்தமாக வரைந்து தர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆபீஸ் ஊரின் தென்கோடியில். கொரோனாவுக்குப் பிறகு வடகோடியில், காலடிப்பேட்டையில் என் வீட்டிலிருந்தே செய்கிறேன். ஆபீஸில் எங்கள் ஏரியாவுக்குப் பெயர் ‘அந்தப் பக்கம்’. அந்தப் பக்கம் கரன்ட் ஒழுங்காக இருக்குமா என்று கேட்பார்கள். “இருக்கு, உங்களுக்கும் எங்க பக்கத்து எண்ணூர் பவர் ஸ்டேஷன்லேர்ந்துதான் வருது” என்பேன்.

அந்த மாதம் நான் அனுப்பியதில் மூன்று தாள்கள் திரும்பி வந்தன. ஒன்றில் 350 என்று இருந்ததை 850 என்று போட்டிருக்கிறேன். அளவு தப்பினால் ஆலையில் குழாய் பொருந்தாது. அடுத்த தாளும் இப்படி வந்தால் வரைவதை விட்டுவிட்டு, ஆபீஸுக்கு வந்து பிரின்ட் அடுக்கும் வேலை பார்க்கலாம், சம்பளம் குறையாது என்றார் மேலாளர், ரொம்பக் கருணையாக. அந்தக் கருணையைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். லேப்டாப் திரை சின்னது என்று இரண்டு மாதம் முன்பு செகண்ட் ஹாண்டில் ஓர் இருபத்துநாலு இன்ச் மானிட்டர் வாங்கியிருந்தேன். அதில் எழுத்தெல்லாம் கலங்கித்தான் தெரிந்தது. ஒவ்வொரு எண்ணாகப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு தாளுக்கு ஒரு வாரம் ஆகும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தே ஒப்பேற்றினேன். கண் போய்விட்டது என்று நானே பாதி நம்பிவிட்டேன். வரைவதை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

ராயபுரத்தில் கண் டாக்டரிடம் போனேன். சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். “போன வருஷம் போட்ட கண்ணாடியே போதும். கண்ணுல ஒண்ணும் இல்லம்மா” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டரம்மா. கண் நன்றாக இருந்தும் தப்பு வருகிறதென்றால் கோளாறு என் புத்தியிலா என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்தவள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் அதே தாளை லேப்டாப்பிலும் மானிட்டரிலும் திறந்தேன். லேப்டாப்பில் சின்னதாக, ஆனால் ஊசியால் கீறினாற்போல் தெளிவாக இருந்தது. மானிட்டரில் ஒரே கலங்கல். ஒரே கண், ஒரே கண்ணாடி. அப்போதே பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது.

மானிட்டர் முதுகில் இருந்த ஸ்டிக்கரில் 1920 x 1080 என்று போட்டிருந்தது. செட்டிங்ஸில் பார்த்தால் அந்த அளவே கிடையாது. 1024 x 768-ஓடு பட்டியல் முடிந்துவிட்டது. சின்னப் படத்தை இழுத்துப் பெரிய திரை முழுக்கப் பரப்பினால் கலங்காமல் என்ன செய்யும்? இணையத்தில் தேடிப் படித்தேன். மானிட்டர் தன் அளவைக் கேபிள் வழியாகத்தான் லேப்டாப்புக்குச் சொல்லுமாம். அதற்கென்றே சில பின்கள் உண்டாம். அவை சரியாகத் தொடாவிட்டால் லேப்டாப் குத்துமதிப்பாக ஏதோ ஓர் அளவைப் போட்டுக்கொள்ளுமாம்.

ஆபீஸ் கொடுத்த பழைய லேப்டாப்பில் நீலத்தலைக் கேபிள்தான் சேரும். பதினைந்து பின்கள். அதைப் பிடுங்கிப் பார்த்தேன். விரலெல்லாம் கறுப்பு. பின்களுக்கு நடுவே கிரீஸ், அதன்மேல் எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் பறக்கும் கரித்தூள் அப்பியிருந்தது.

யார் கைவரிசை என்று கேட்கவே வேண்டாம். கடல் நாலு தெரு தள்ளி இருக்கிறது; உப்புக்காற்று புது ஆணியைக்கூட ஒரு மழைக்காலம் தாங்க விடாது. அதனால் எங்கள் தெருவில் கேட் கீல், பூட்டு, ஜன்னல் கொண்டி என்று இரும்பாகப் பட்டதற்கெல்லாம் கிரீஸ் வைப்பது வழக்கம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் பராமரிக்கிறவர். அவருக்கு மிக்ஸி பிளக்கும் இரும்புதான். மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“யோவ், இதுல கிரீஸ் வெச்சியா?”

“ஆமா மே. வாங்கினு வந்த அன்னிக்கே வெச்சேன். உப்புக்காத்துல துரு புடிச்சிக்கினா இன்னா பண்ணுவ?” பெருமையாகவே சொன்னார்.

“ரெண்டு மாசமா கண்ணு பூடுச்சின்னு நெனச்சிக்கினு கீறேன்யா! பதினோரு பேர் முன்னாடி அசிங்கப்பட்டேன்!”

அவர் முகம் தொங்கிவிட்டது. “கண்ணு தெரியலன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா மே எங்கிட்ட?” என்றார். அதுவும் நியாயம்தான். பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை நான்.

அவரே செல்போன் ரிப்பேர் கடைக்குப் போய், பின் துடைக்கிற திரவம் வாங்கி வந்தார். பழைய டூத் பிரஷ்ஷால் கேபிளின் இரண்டு தலைகளையும், மானிட்டரிலும் லேப்டாப்பிலும் அது போய்ச் சேரும் துளைகளையும் சாப்பிடக்கூட உட்காராமல் சுத்தம் செய்தார். காய விட்டுச் செருகினோம். பட்டியலில் 1920 x 1080 வந்து நின்றது. தேர்ந்தெடுத்ததும் ஒரு கணம் திரை இருண்டு, பளிச்சென்று திரும்பியது. எட்டு எட்டாக இருந்தது, மூன்று மூன்றாக இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

திரும்பி வந்த மூன்று தாள்களையும் திறந்து பார்த்தேன். இரண்டில் தப்பு கலங்கலால் வந்தது. மூன்றாவதில் குழாய் இடப்பக்கம் வளைகிறது. நான் வலப்பக்கம் வளைத்திருக்கிறேன். எந்தத் திரையில் பார்த்தாலும் இடம் இடம்தான். அது முழுக்க என் கவனக்குறைவு. அதையும் கிரீஸ் தலையில் கட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மனசு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீடியோ காலில் அதே பதினோரு பேர்.

“மூணு தாளையும் திருத்தி அனுப்பிட்டேன் சார். ரெண்டு தப்பு மானிட்டர் கேபிள் கோளாறால வந்தது. மூணாவது நான் பண்ணது. கண்ணு நல்லா இருக்கு, டாக்டர் சீட்டும் அனுப்பியிருக்கேன்.”

மேலாளர் சிரித்தார். “மூணையும் கேபிள் மேலயே போட்டிருக்கலாமே மேடம்.”

“எதுக்கு சார்? போன மாசம் நம்ம டீம்ல இருபத்தஞ்சு வயசு இன்ஜினியர் ஒருத்தர் தாள்ல ஒரு வால்வையே போடாம விட்டுட்டாரு. கவனமா பண்ணுங்கன்னு சொல்லி விட்டுட்டீங்க. அவரைக் கண் டாக்டர்கிட்ட அனுப்பல. நான் தப்பு பண்ணாலும் அது தப்புதான் சார், வயசு இல்ல. எனக்கும் அதையே சொல்லுங்க.”

மைக்கை அணைக்காமல் திரையில் அவரையே பார்த்தேன்.

“கவனமா பண்ணுங்க மேடம்” என்றார் கடைசியில்.

“பண்றேன் சார். அடுத்த தாளை அனுப்புங்க.”