வண்டி முகப்பில் கட்டிய பெயர்

போன வாரம் புதுக்கோட்டையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்றிருந்தேன். கத்திரி வெயில். எதிர்ப்பக்கம் ஒரு கல்யாணக் கார் வந்து நின்றது. முகப்பு முழுக்க ரோஜாவும் செவ்வந்தியும், அதன்மேல் மணமக்கள் பெயரை ஜிகினாவில் ஒட்டிய தெர்மாகோல் பலகை. உள்ளே பட்டுப்புடவையில் ஒரு பெண் கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். வெயிலில் வெந்த ரோஜா வாசனை என் ஜன்னல் வரை வந்தது. இறங்கிப் போய், முன்சீட்டில் இருந்த பெரியவரிடம் சொன்னேன்.

"ஐயா, அந்தப் பலகைய அவுத்து டிக்கிப் பக்கம் கட்டிருங்க. முன்னாடி அடச்சா காத்துப் போகாது, ஏசி வேலை செய்யாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அழகுக்குக் கட்டுனதுங்க. பலகைக்கும் ஏசிக்கும் என்னங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வண்டி போய்விட்டது. நான் பின்னால் இருந்தவனின் ஹாரனை வாங்கிக்கொண்டு நின்றேன்.

கார் ஏசி என்றால் நான் கொஞ்சம் கிறுக்கன்தான், ஒத்துக்கொள்கிறேன். நிழல் தேடி நிறுத்துவேன், கிளம்பும்முன் நான்கு கதவையும் திறந்து உள்ளிருக்கும் அனலை வெளியே விடுவேன், கோடை பிறந்ததும் முன்பக்கத்துக் கம்பி வலையில் ஒட்டிய பூச்சியையும் தூசியையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன். "காரை ஓட்டப் போறீங்களா, பூசை பண்ணப் போறீங்களா?" என்பாள் என் மனைவி. பூசை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை செல்வியின் கல்யாணம் கந்தர்வக்கோட்டையில் நடந்தது. அப்போது எனக்குத் தஞ்சாவூரில் ஒரு உரக் கம்பெனியில் வேலை. புதுச் சம்பளக்காரனின் மிதப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கையில் ஒரு செல்போன், சட்டைப்பையில் இரண்டு பேனா. அப்பாவுக்கு அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தது. வெயிலில் அலையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவோ, ஆவுடையார்கோவிலில் மாப்பிள்ளை வீட்டில் செல்வி விளக்கேற்றுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பெண்ணை அனுப்பிவைத்துவிட்டு வாசலில் நின்றுவிடுவதுதான் எங்கள் வீட்டு ஆண்களின் வழக்கம். இவர் மட்டும் கேட்கவில்லை. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் கடை கடையாய் ஏறி இறங்கி அவரே வாங்கிய குத்துவிளக்கு அது.

அதனால்தான் ஏசி கார் பிடித்தோம். டிரைவர் சகாயம், நாற்பது வயதுக்காரர், பேச்சுக்காரர். காலையில் அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கோயில் வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். ஏசி சில்லென்று அடித்தது. அப்பா தோள் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்.

"ஊட்டிக்குப் போன மாதிரியில்ல இருக்கு!" என்றார். அன்று அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவே இல்லை.

அதன் பிறகுதான் வண்டியைச் சோடித்தார்கள். பூக்காரர் சின்னதாக ஒரு மாலையைக் காட்டினார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் பெருசாக் கட்டுங்கப்பா. பலகையும் பெருசா இருக்கணும். எம்புள்ள பேரு அங்கிட்டுருந்து வாரவனுக்கும் தெரியணும்" என்றார். பெரிய பலகையே வந்தது. முகப்பின் கம்பி வலை ஒரு விரல்கூட வெளியே தெரியாமல் மறைந்துபோனது. எல்லாரும் நின்று ரசித்தோம். போட்டோகூட எடுத்தோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்கால ராகுகாலத்துக்கு முன் பெண் வீட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும். ஆகவே சாப்பிட்ட கையோடு, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் கிளம்பினோம். அம்மாவும் சொந்தக்காரர்களும் சீர்வரிசையோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். விளக்கை மட்டும் அப்பா வேனில் ஏற்ற விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் மாப்பிள்ளை, செல்வி, மூலையில் நசுங்கிக்கொண்டு நான்.

புதுக்கோட்டை தாண்டுவதற்குள் ஏசி வெதுவெதுப்பாகிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அடுப்படிக் காற்று வந்தது. சகாயம் குமிழைத் திருகினார், அணைத்தார், மறுபடி போட்டார்.

"கேஸ் போயிருச்சு போல தம்பி. காலைல நல்லாத்தானே அடிச்சுச்சு!"

கண்ணாடியை இறக்கினால் முகத்தில் அனல் அறைந்தது. ஏற்றினால் மூச்சு முட்டியது. இறக்கி ஏற்றி, ஏற்றி இறக்கி, அதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தோம். மாப்பிள்ளை தாம்பூலப் பையால் அப்பாவுக்கு விசிறினார். கல்யாணத்தன்று மாமனாருக்கு விசிறிய மாப்பிள்ளை அவர் ஒருவராகத்தான் இருப்பார். அப்பாவின் பின்கழுத்தில் வியர்வை வழிந்து, பிறகு வழிவதே நின்றுபோனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அறந்தாங்கிக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் சூட்டு முள்ளும் ஏறிவிட்டது. சாலையோரம் வரிசையாகப் புளியமரங்கள். ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். பக்கத்து டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிவந்து போட்டார். அப்பாவைப் படுக்கவைத்து, துண்டை நனைத்து நெஞ்சில் போட்டேன். சகாயம் பானெட்டைத் திறந்துவைத்து ஆறவிட்டார். மூடிய பிறகு, ஒருபக்கமாகச் சாய்ந்திருந்த பலகையை நிமிர்த்தி, கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார். பொறுப்பான மனிதர். இன்றைக்கும் அந்த முடிச்சு என் கண்ணுக்குள் நிற்கிறது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன்மேல் போன். செல்வி அழுதாள். "நீ வராம நான் போகமாட்டேம்பா" என்றாள். அப்பா எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. விளக்கை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பிடி ஆத்தா. நல்ல நேரத்துல போயிரு. ஏத்திட்டு எனக்கு போன் பண்ணு."

நான் அப்பாவோடு தங்கினேன். கார் கிளம்பிப் போனது. செல்வியின் பெயரைப் போகிற வழியெல்லாம் காட்டிக்கொண்டு அந்தப் பலகையும் போனது.

போன் வந்தபோது அப்பாவின் காதில் வைத்தேன்.

"எரியுதா?" என்றார். "காத்துக்கு அணையாமப் பாத்துக்க."

"காத்தே இல்லப்பா" என்றாள் அவள். பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது.

ஆட்டோ பிடித்து அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளுக்கோஸ் ஏற்றி, ஊருக்குப் போய்ப் படுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பிவந்த வேனில் ஏறிக்கொண்டோம். ஆடிச் சீர் கொண்டுபோகும்போது செல்வி வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை.

சில வருடம் கழித்து நான் கார் வாங்கினேன். ஒரு மத்தியானம் திருமயம் சாலையில் போகும்போது, எங்கிருந்தோ பறந்துவந்த சிமெண்ட் சாக்கு ஒன்று முகப்பில் அப்பிக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஏசி வெந்நீர் ஆவியாக அடித்தது. இறங்கிச் சாக்கைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓட்டினேன். சில்லென்று வந்தது. உடனே வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன். சில்லென்ற அந்தக் காற்றில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் போட்டு அழுதேன். ஒரு கயிற்றை அவிழ்த்திருந்தால் போதுமே என்று நினைக்க நினைக்க ஆறவில்லை. யாரைத் திட்டுவது? ஆசைப்பட்டவரையா?

செல்வி வீட்டில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. பிளாஸ்டிக் தாளில் சுற்றி பீரோ மேல் வைத்திருக்கிறாள். ஜிகினா பாதி உதிர்ந்துவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் இறக்கித் துடைப்பாள். "அப்பா ஆசைப்பட்டுக் கட்டச் சொன்னதுண்ணே" என்பாள். பங்க்கில் முன்பின் தெரியாத ஆளிடம் ஓடிப்போய்ச் சொல்ல முடிந்த எனக்கு, இவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்தப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். டீக்கடையும் இல்லை. ஒரு கல், ஒரு மேடு, அடையாளத்துக்கு எதுவும் இல்லை. ஆனாலும் செல்வியை ஊருக்கு அழைத்துவரும்போது, எப்படித்தான் தெரியுமோ, சரியாக அந்த இடம் வந்ததும், "அண்ணே, கொஞ்சம் கண்ணாடிய எறக்கு" என்பாள். நான் ஏசியை நிறுத்திவிட்டு இறக்குவேன். அனல் உள்ளே வரும். அவள் வெளியே கையை நீட்டிக்கொண்டு, நிழலே இல்லாத அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள்.