டம்ளருக்குள் எரிந்த சுடர்

அறுபதுகளின் கடைசியில் காட்டுப்பாக்கத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். நெருப்பு எரியக் காற்று வேண்டும் என்று காட்ட, எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடும்படி மாணவி வள்ளியிடம் சொன்னேன். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். சுடர் சுருங்கியது. அணைவதற்குள் வள்ளி டம்ளரைத் தூக்கிவிட்டாள்.

"அதுக்குள்ள ஏன்டி தூக்கினே?" என்று அதட்டினேன்.

"எங்க நைனா கெணத்துல தூர் வார எறங்கி, மூச்சு முட்டி செத்துப் பூட்டாரு டீச்சர். அவரயும் இப்டி சட்டுனு தூக்கியிருந்தா பொழச்சிருப்பாரா?"

பாடத்தின்படி பதில், ஆமாம். ஆனால் அன்று அவள் அப்பா இறங்கிய கிணற்றுக்கு மேலே கயிற்றைப் பிடித்து நின்றது அவளுடைய அம்மா. தனியாளாக இழுக்க முடியாமல் அவள் கதறியதை ஊரே சொல்லும்.

"இல்லம்மா. யார் தூக்கியிருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாரு" என்றேன்.

அறிவியல் வகுப்பில் நான் தெரிந்தே சொன்ன பொய் அது. வள்ளி தலையாட்டினாள். ஆனால் டம்ளரால் சுடரை மறுபடி மூட மறுத்துவிட்டாள்.